கவலையும் கார்ட்டிசாலும்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

கவலை ஆளைத் தின்றுவிடும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சிறு வயதில் இதைக் கேட்டபோது வெறும் பேச்சுவழக்கு என்றே எண்ணியிருந்தேன். இரண்டாம் ஆண்டில் உடற்செயலியல் பாடத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்னும் பகுதியைப் படித்த பிறகுதான், அப்பேச்சில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருப்பது விளங்கிற்று. மனத்தில் தோன்றும் அச்சமும் கவலையும் ஒரு ஹார்மோனாக மாறி, இரத்தத்தில் கலந்து, நோயை எதிர்க்கும் அணுக்களின் வேலையையே மாற்றிவிடுகின்றன. அது எவ்வாறு என்பதை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். இதனை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு.

என் தாயார் கழனி வேலைக்குச் செல்பவர். நடவு, களையெடுப்பு என்று சேற்று நீரில் குனிந்து நின்றே என்னைப் படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது, தாயாருக்குக் கை விரல் மூட்டுகளும் முழங்கால்களும் வீங்கி வலியெடுத்தன. மருந்துக் கடை ஒன்றில், மருத்துவர் சீட்டு எதுவும் கேளாமல், மூன்று நிற மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் வலி பறந்தது. மூன்றாம் நாள் நடவுக்குப் போய்விட்டார். பிறகு வலி தலைகாட்டும்போதெல்லாம் அதே பொட்டலம்; போகப் போக அன்றாடம் பொட்டலம். ஓராண்டில் முகம் உருண்டு திரண்டது. "கன்னமெல்லாம் வச்சு ஆளே தேறிட்டியே" என்று அக்கம்பக்கத்தார் மகிழ்ந்தனர். அதனை ஒரு நோயின் அறிகுறி என்று எவரும் எண்ணவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு விடுதிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. மாத்திரைச் செலவையாவது மிச்சம் பிடிப்போம் என்று தாயார் பொட்டலத்தை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து நாளில் வாந்தி, தலைச்சுற்றல், எழுந்து நிற்க முடியாத சோர்வு. அப்படியும் வேலைக்குப் போனவர் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. மருத்துவர் தாயாரின் முகத்தைப் பார்த்ததும் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க? எப்ப நிறுத்தினாங்க?" என்பதுதான். நரம்பில் ஊசி மருந்தும் சலைனும் ஏறின. உயிர் பிழைத்தார். அந்த ஊசியில் இருந்ததோ, அவர் நிறுத்திய மாத்திரையின் அதே வகை மருந்து!

தேறி வீடு வந்ததும் தாயார் என்னைக் கேட்டார்: "ஏன் புள்ள, அந்த மாத்திரை நல்லதா, கெட்டதா? தின்னாலும் நோவு, விட்டாலும் நோவுன்னா அது என்ன மாத்திரை?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைக்கிறது. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது; சுடுகிறது; வீங்குகிறது; வலிக்கிறது. இந்த நான்கு அறிகுறிகளையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் வரிசைப்படுத்திவிட்டார். இதுவே அழற்சி எனப்படுவது. நாம் இதனை நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் இது உடல் செய்யும் வேலை. முள்ளோடு நுழைந்த கிருமிகளைத் திசுக்களில் உள்ள விழுங்கணுக்கள் முதலில் கண்டுகொள்கின்றன. உடனே அவை சைட்டோகைன்கள் என்னும் புரதச் செய்திகளை வெளியிடுகின்றன. இச்செய்தி எட்டியதும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஆகவே சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரின் இடுக்குகள் அகன்று நீர் கசிகிறது, ஆகவே வீக்கம். அந்த வழியாகவே இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெளியேறி, கிருமி இருக்கும் இடத்திற்குச் செல்கின்றன. அழற்சி இல்லையேல் சிறு கீறலும் நம்மைக் கொன்றுவிடும்.

ஆனால் அழற்சி தீயைப் போன்றது. அடுப்பில் இருக்கும்வரை சோறு வேகும். கூரைக்கு ஏறினால் வீடு போய்விடும். வேலை முடிந்த பின்பும் அணையாத அழற்சி நல்ல திசுக்களையும் அரிக்கும். சிலரது உடலில் எதிர்ப்பாற்றல் அணுக்கள் தம் உடலையே பகையெனக் கருதித் தாக்குகின்றன; வேலியே பயிரை மேய்வது போல. முடக்குவாதம் அத்தகைய நோய். மூட்டுகளின் உட்சவ்வில் அழற்சி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். என் தாயாருக்கு வந்தது அதுவே என்று பின்னர் மருத்துவமனையில் கண்டறிந்தனர்.

எனவே, தீயை மூட்டுவது போலவே அதனை அளவோடு நிறுத்தவும் உடலுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கிறது.

அச்சமும் அட்ரீனலும்

நம் துறையில் உள்ள சிறுநீரக மாதிரியைக் கண்டவர்களுக்கு, அதன் மேல் தொப்பி கவிழ்த்தது போன்ற அட்ரீனல் சுரப்பி நினைவிருக்கும். இரு சிறுநீரகங்களுக்கும் இரண்டு. ஒவ்வொன்றும் சில கிராம் எடையே உள்ளது. இதன் உட்பகுதி அட்ரீனலின் என்னும் ஹார்மோனையும், வெளிப்பகுதியான புறணி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனையும் சுரக்கின்றன.

இருட்டில் காலடியில் பாம்பு நெளிகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்ப்பதற்குள் இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இது அட்ரீனலின் வேலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் இதனை விரிவாக ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். எதிர்த்து நில் அல்லது ஓடிப் பிழை என்று உடல் ஆயத்தமாவதே இது என்பது அவர் விளக்கம்.

கார்ட்டிசால் சற்றுத் தாமதமாக வருவது. மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ், சி.ஆர்.எச். என்னும் ஹார்மோனைப் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது அட்ரீனல் புறணியை அடைந்ததும் கார்ட்டிசால் சுரக்கிறது. சில நிமிடங்களில் தொடங்கி, அரை மணி நேரத்திற்குள் உச்சத்தை எட்டுகிறது. கார்ட்டிசால் அளவு உயர்ந்ததும், அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் சென்று 'போதும்' என்று அறிவிக்கிறது; சுரப்பு குறைகிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மிதவை தானாகவே நீரை நிறுத்துவதைப் போன்றது இது. இந்த எதிர்ப் பின்னூட்டத்தை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். என் தாயாரின் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கார்ட்டிசால் அச்சத்தின்போது மட்டும் சுரப்பதன்று. நாள்தோறும் காலையில் நாம் விழிக்கும் வேளையில் மிகுந்தும், நள்ளிரவையொட்டிக் குறைந்தும் ஓடிக்கொண்டே இருப்பது. அது இல்லாமல் நாம் வாழ முடியாது.

மான்ட்ரியல் நகரத்து எலிகள்

கவலைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு எலிகளிடம் தெரிய வந்தது. வியன்னாவில் 1907இல் பிறந்த ஹான்ஸ் செல்யே, கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவந்தார். புதிய பாலின ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில் சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தென்பட்டன. அட்ரீனல் புறணி பெருத்திருந்தது. தைமஸ் சுரப்பியும் மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்கியிருந்தன. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண்கள் இருந்தன.

புதிய ஹார்மோன் அகப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தவருக்கு விரைவிலேயே ஏமாற்றம் காத்திருந்தது. ஃபார்மலினைச் செலுத்தினாலும் அதே மூன்று மாற்றங்கள்! கடுங்குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடச் செய்தாலும் அவையே. வந்த துன்பம் எதுவாயினும் உடல் அதற்கு ஒரே வகையில் விடையளிக்கிறது என்று அவர் உணர்ந்தார். 1936 ஜூலையில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பாக இதனை வெளியிட்டார். அட்ரீனலை முன்கூட்டியே நீக்கிவிட்ட எலிகளில் தைமஸ் இவ்வாறு சுருங்கவில்லை என்பதையும் கண்டார். ஆக, தைமஸைச் சுருக்கும் பொருள் அட்ரீனலிலிருந்தே வருகிறது என்பது தெளிவாயிற்று.

தைமஸின் வேலை என்ன என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1961இல்தான் ஜாக் மில்லர் என்னும் அறிஞர், எதிர்ப்பாற்றலின் முதன்மையான அணுக்கள் அங்குதான் பக்குவமடைகின்றன என்று காட்டினார். அதற்கு முன்பே தைமஸைப் பற்றிய அறியாமையால் ஒரு பெருங்கேடு நிகழ்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திடீரென இறந்த குழந்தைகளின் தைமஸ் பெரிதாக இருப்பதாக மேலைநாட்டு மருத்துவர்கள் எண்ணினர். எதனோடு ஒப்பிட்டு? அறுவைக்கூடங்களுக்கு வந்த உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. இங்கிலாந்தில் 1832இல் வந்த சட்டமே, உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்களை மருத்துவக் கூடங்களுக்கு அளித்தது. பசியிலும் நெடுநாள் நோயிலும் இறந்த அவர்களுடைய தைமஸ் சுருங்கிப்போயிருந்தது. அச்சிறிய அளவை இயல்பு என்று கொண்டதால், நலமான குழந்தையின் தைமஸ் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. அதனைச் சுருக்குவதற்காகக் குழந்தைகளுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சினர். அவ்வாறு கதிர் ஏற்றவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. வறுமை உடலின் உள்ளே எவ்வாறு எழுதப்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு வாரத்தில் எழுந்து நடந்த பெண்

அட்ரீனல் சுரக்கும் அப்பொருள் மருந்தான வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் இருந்தார். 1929இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, மூட்டுவலி தானாகத் தணிந்ததை அவர் கண்டார். கருவுற்ற பெண்களுக்கும் வலி தணிவதைக் கவனித்தார். இந்நிலைகளில் உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நோயைத் தணிக்கிறது என்று ஊகித்து, அதனைப் பல ஆண்டுகள் தேடினார். அதே மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலார் அட்ரீனல் புறணியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ஒன்றுக்கு 'ஈ' என்று பெயரிட்டிருந்தார்.

1948 செப்டம்பர் 21ஆம் நாள், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அப்பொருளை ஊசி வழியே செலுத்தினர். சில நாள்களில் வலி குறைந்தது. ஒரு வாரத்தில் அவர் எழுந்து கடைவீதிக்கு நடந்து சென்று வந்தார். மருத்துவ உலகம் வியந்தது. 'ஈ' என்பதே பின்னர் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. உடலில் அது கார்ட்டிசாலாக மாறி வேலை செய்கிறது. 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்து கொடுத்தாலோ முகம் நிலவைப் போல உருண்டது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, கிருமிகள் எளிதில் தொற்றின. இவற்றைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பொட்டலம்தான் கண்முன் நின்றது. மூன்று நிற மாத்திரைகளுள் ஒன்று, கார்ட்டிசாலின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டு. இரண்டே நாளில் வலி பறந்த மாயம் அதனுடையது.

கார்ட்டிசால் எவ்வாறு தணிக்கிறது?

கார்ட்டிசால் கொழுப்பில் கரைவது. ஆதலால் அணுவின் சவ்வைத் தடையின்றிக் கடந்து உள்ளே செல்கிறது. அங்கே அதற்கென உள்ள ஏற்பியோடு இணைந்து உட்கருவுக்குள் நுழைகிறது. சைட்டோகைன்களை உண்டாக்கும் மரபணுக்களைத் தூண்டிவிடும் என்.எஃப். கப்பா பி என்னும் புரதத்தை அடக்குகிறது. செய்தி குறைந்தால் படை திரளாது, அழற்சி தணியும்.

துன்பம் வரும் வேளையில் எதிர்ப்பாற்றலை ஏன் தணிக்க வேண்டும்? காயம் படும்போதுதானே அது தேவை? இந்த ஐயம் எனக்கும் எழுந்தது. ஆலன் மங்க் என்னும் அறிஞர் 1984இல் தம் சகாக்களோடு இதற்கு ஒரு விடை கூறினார். கார்ட்டிசால் நம்மைக் காப்பது துன்பத்திலிருந்து அன்று. துன்பத்தை எதிர்த்து உடல் மூட்டும் தீ எல்லை மீறிப் போகாமல் காக்கிறது என்பதே அவ்விடை. அழற்சியின் சைட்டோகைன்களே மூளைக்குச் சென்று கார்ட்டிசாலைச் சுரக்கச் செய்கின்றன என்பதும் அந்தப் பத்தாண்டிலேயே தெளிவாயிற்று. தீயே தன்னை அணைப்பவனைக் கூவி அழைக்கிறது!

மேலும், சிறிது நேரமே நீடிக்கும் அச்சம் எதிர்ப்பாற்றலைக் குலைப்பதில்லை. தேர்த் திருவிழாவுக்கு முன் காவலர்களைத் தெருமுனைதோறும் நிறுத்துவார்கள் அல்லவா? அதுபோல முதலில் அட்ரீனலின் தூண்டுதலால் வெள்ளணுக்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. பின்னர் கார்ட்டிசாலின் தூண்டுதலால் தோல் முதலிய இடங்களுக்குப் பிரிந்து செல்கின்றன. காயம் படக்கூடிய இடத்தில் காவல் முன்கூட்டியே நிற்கிறது. இது இயற்கையின் ஏற்பாடு. தேர் நிலைக்கு வந்தபின் காவலர் வீடு திரும்ப வேண்டும். நாள்தோறும் தேர் ஓடினால்?

தேர்வும் புண்ணும்

மாணவர்களாகிய நமக்கு நெருங்கிய ஆய்வுகள் இவை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்னும் உளவியலாரும் அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசரும் மருத்துவ மாணவர்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு இருந்ததைக் காட்டிலும், தேர்வு நாளில் இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களின் திறன் குறைந்திருந்தது. 1980களில் நடந்த ஆய்வு இது.

1998இல் இக்குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பல் மருத்துவ மாணவர் 11 பேரின் மேல் அண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு புண் உண்டாக்கப்பட்டது. ஒரு முறை கோடை விடுமுறையில். மறுமுறை பருவத்தின் முதல் பெருந்தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. தேர்வுக் காலத்துப் புண் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாயிற்று. அதாவது 40 விழுக்காடு தாமதம். பதினொருவரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. புண் ஆறுவதற்கு முதற்படியாக அழற்சி வேண்டும் என்பதை மேலே கண்டோம். அந்த முதற்படியே தளர்ந்துபோகிறது.

தேர்வாவது சில நாளில் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நீளும் துன்பம் என்ன செய்யும்? மறதி நோயால் வாடும் உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும், ஒத்த வயதும் வருமானமும் உடைய வேறு 13 பெண்களையும் கொண்டு 1995இல் அவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையில் உண்டாக்கிய சிறு புண் மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிற்று. பராமரிக்கும் பெண்களுக்கோ 48.7 நாளாயிற்று.

ஷெல்டன் கோயனும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 394 நலமான தொண்டர்களின் மூக்கில் சளிக் காய்ச்சல் வைரஸ் சொட்டு மருந்தாக விடப்பட்டது. மன அழுத்தம் மிகக் குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்குச் சளி பிடித்தது; மிக அதிகமானவர்களில் 47 விழுக்காட்டினருக்குப் பிடித்தது. வைரஸ் எல்லோருக்கும் சென்றது. வேறுபாடு உடலில் இருந்தது.

செவிடாகும் அணுக்கள்

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகிறது. கார்ட்டிசால் அழற்சியைத் தணிக்கும் என்றோம். அப்படியானால் ஓயாத கவலையில் வாழ்வோருக்கு அழற்சி நோய்களே வரக்கூடாது அல்லவா? ஆனால் அவர்களுடைய இரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகள் மிகுந்திருப்பதையே பல ஆய்வுகள் காட்டின.

கிரெகரி மில்லரும் அவருடன் பணியாற்றியோரும் 2002இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். புற்றுநோயால் வாடும் குழந்தைகளின் பெற்றோரையும், நலமான குழந்தைகளின் பெற்றோரையும் சேர்த்து 50 பேரிடம் இரத்தம் எடுத்தனர். அந்த இரத்த அணுக்களைத் தூண்டிவிட்டு, டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டைச் சேர்த்தனர். நலமான குழந்தைகளின் பெற்றோருடைய அணுக்கள் அதற்குப் பணிந்து இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைனைக் குறைத்தன. நோயுற்ற குழந்தைகளின் பெற்றோருடைய அணுக்கள் அந்த அளவுக்குப் பணியவில்லை. ஓயாமல் அதட்டும் குரலுக்குக் காது கொடாமல் போவதைப் போல, நெடுநாள் துன்பத்தில் வாழ்வோரின் அணுக்கள் கார்ட்டிசாலின் சொல்லுக்குச் செவிடாகின்றன. 2012இல் கோயன் குழுவினர் 276 பேரிடம் இதனைச் சோதித்தனர். இச்செவிட்டுத்தன்மை உடையவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமன்று. அணு அதனைக் கேட்கிறதா என்பதும்தான்.

ஆகவே ஓயாத கவலை இரு வகையில் கெடுக்கிறது. வேண்டிய இடத்தில் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. வேண்டாத இடத்தில் அழற்சி அணையாமல் கனல்கிறது.

அண்மைக்காலப் பாடம்

கார்ட்டிசால் குடும்பத்தின் இருமுகத்தையும் நாம் கொரோனாக் காலத்தில் கண்ணாரக் கண்டோம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் நடத்திய ரெக்கவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வெளிவந்தது. 2,104 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கொடுத்து, அது கொடுக்கப்படாத 4,321 பேரோடு ஒப்பிட்டனர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத இலேசான நோயாளிகளுக்கோ எப்பயனும் இல்லை. காரணம் தெளிவு. கடும் நோயாளியைக் கொன்றது வைரஸை விட, கூரைக்கு ஏறிய தீ. இலேசான நோயாளிக்கு அடுப்புத் தீயே தேவைப்பட்டது.

மறு ஆண்டே மறுமுகத்தைக் கண்டோம். 2021இல் இந்தியாவெங்கும் கருப்புப் பூஞ்சை நோய் பரவி, தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அது சேர்க்கப்பட்டது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும், தேவைக்கு மிஞ்சிய ஸ்டீராய்டுப் பயன்பாடும் அதற்கு முக்கியக் காரணங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதுதான்.

தாயாரின் கேள்விக்கு விடை

இனி என் தாயார் ஏன் மயங்கி விழுந்தார் என்பதைச் சொல்லலாம். நலமான உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் 10 முதல் 20 மில்லிகிராமுக்குள் அடங்கும். பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையில் 5 மில்லிகிராம் இருந்தாலே அது 20 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்கு ஈடு. வெளியிலிருந்து நாள்தோறும் இவ்வளவு வந்து சேர்ந்தால் மூளை என்ன எண்ணும்? தொட்டி நிரம்பியிருக்கிறது என்றே எண்ணும். ஏ.சி.டி.எச். நின்றுவிடுகிறது. ஏவல் வராத அட்ரீனல் புறணி வேலையின்றிச் சுருங்குகிறது. செல்யேயின் எலிகளுக்கு அட்ரீனல் பெருத்தது. என் தாயாருக்கு அது சுருங்கிப் போயிற்று. மாத்திரையைத் திடீரென நிறுத்திய அன்று, வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் சுரக்கவில்லை. கார்ட்டிசால் இன்றி இரத்த அழுத்தம் நிற்காது. சுருங்கிய சுரப்பி மீண்டும் விழித்தெழ வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதனால்தான் மருத்துவர்கள் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

இப்போது தாயார் அரசு மருத்துவமனையில் காட்டி, ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொன்ன கணக்கில் குறைத்து வருகிறார். முடக்குவாதத்திற்கு வாரம் ஒரு முறை வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சலோ விபத்தோ அறுவைச் சிகிச்சையோ நேர்ந்தால் அவருடைய அட்ரீனல் அவசரத்திற்குக் கூடுதலாகச் சுரக்க இயலாது. ஆகவே அவர் உண்ணும் மாத்திரையின் பெயரையும் அளவையும் ஓர் அட்டையில் எழுதி அவருடைய சுருக்குப் பையில் வைத்திருக்கிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதனைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நண்பர்களுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. நம்மில் பலருடைய வீடுகளில் வலிக்கும் வீசிங்குக்கும் அரிப்புக்கும் இத்தகைய பொட்டலங்கள் வாங்கி உண்போர் இருக்கக்கூடும். சீட்டில்லாமல் வாங்கவிடாதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் உண்டு வருபவராயின், நல்லது செய்வதாக எண்ணி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்றாவது, நோயுற்றவரிடம் "கவலைப்பட்டதால்தான் உனக்கு வந்தது" என்று பழி சொல்லாதீர்கள். கவலை பல காரணங்களுள் ஒன்றே. அதுவும் அவர் விரும்பி ஏற்றதன்று. கூலிக்கும் கடனுக்கும் நடுவே இருப்பவரிடம் கவலைப்படாதே என்பது எளிது. அவருடைய கவலையில் ஒன்றையேனும் நாம் வாங்கிக்கொள்வதே பயனுள்ள மருந்து. இவ்வாண்டு முதல் எனக்குக் கல்வி உதவித்தொகை வருகிறது. விடுதிக் கட்டணத்திற்கு இனி மாத்திரைக் காசில் கைவைக்க வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லிவிட்டேன்.

பொங்கல் விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இக்கட்டுரையில் உள்ளவற்றை அவருக்குப் புரியும்படி சொன்னேன். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியைத் தரையில் கரித்துண்டால் வரைந்தும் காட்டினேன். மருந்து நல்லதுதான், அளந்து கொடுக்க ஆள் இல்லாததுதான் கெட்டது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அப்ப, ஒடம்பே செய்யிற மருந்தத்தான் நான் காசு குடுத்து வாங்கித் தின்னேனா?"

ஆம் என்றேன். சுருக்குப் பையைத் திறந்து, அட்டை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.